பூவரசடிப்பாட்டின் எதிரி

சூயஸ் கால்வாய் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை எகிப்து அதைத் தன்னதாக்கிய அந்த வருடம் ஆவணி மாதம் முழுவதும் என் தேத்தண்ணிக் கடையில்தான் விசாரித்தார்கள். லண்டன்காரரும் கெய்ரோக்காரரும் எங்களுக்குப் பிறகுதான். முல்லைத்தீவுக்கு வடக்கே, ரோட்டு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் என் கடை. பேப்பர் பின்னேர பஸ்ஸில் வரும். பற்றறி றேடியோ ஒன்றும் இருந்தது. அது தனக்கு மனம் வந்தபோது மட்டும் பேசும்.

இந்த வழக்குக்கு நீதவான் மரியநாயகம் சம்மாட்டியார். சம்மாட்டி என்றால் கரைவலைக்கு உடையவர். வலை, வள்ளம், இழுக்கிற ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. இவர் இரண்டாம் யுத்தத்தில் எகிப்துவரை போய் வந்தவர். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "படையிலை" என்பார். மூட்டை இறக்கினார் என்று கூடப் போனவர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். மூட்டை இறக்குவதும் படை வேலைதான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மூட்டை இறக்கியவர் ஜெனரல் மாதிரிக் கதைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் காலத்து யுத்தம் துவக்குச் சூட்டில் இல்லை, ஆயத்தத்தில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. கப்பலில் வந்து கரையில் இறங்குகிற படை ஒன்று இருந்தால் உலகத்தில் எந்தக் கரையையும் ஒரு காலை நேரத்தில் பிடித்துவிடலாமாம். இங்கிலீசுக்காரன் நினைத்தால் எகிப்துக்காரன் பல் தீட்டி முடிக்கமுன் கால்வாயைத் திருப்பி எடுப்பானாம். இதையெல்லாம் என் கதிரையில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, கடலைப் பார்த்துச் சொல்லுவார். கடல் ஒன்றும் சொல்லாது. கடைக்கு வருகிறவர்களும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நானும் யாவாரம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்க வந்த புனிதமலர்தான் வாய் திறந்தாள்.

"கால்வாய் ஆருடைய நிலத்திலை கிடக்குது அண்ணை?"

"எகிப்திலை. அதுக்கென்ன?"

"அப்ப அவன்ரைதானே. இதுக்கேன் இவ்வளவு கதை?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சம்மாட்டியார் சிரிக்கவில்லை. உனக்கு உலகம் தெரியாது பிள்ளை என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்கு அந்தக் கேள்வி எகிப்தைப் பற்றியதாகப் படவில்லை. எங்களுக்கும் படவில்லை.

ஏனென்றால் புனிதமலரும் ஒரு சம்மாட்டிதான். புருஷன் காய்ச்சலில் போனபின் வலையையும் வள்ளத்தையும் விற்காமல் தானே நடத்தினாள். எங்கள் பக்கத்தில் கரைவலை இழுக்கிற கடற்கரைத் துண்டைப் பாடு என்பார்கள். பூவரசடிப்பாட்டில் நாலு சம்மாட்டிமாருக்கு முறை. ஒருவர் நாளில் மற்றவர் கடலில் வலை வளைத்து இழுக்க முடியாது. பெண்ணுக்கு என்ன முறை என்று மரியநாயகம் சம்மாட்டியார் கோட்டில் வழக்கு வைத்தார். வழக்கு இழுபட்டுக் கடைசியில் நீதவான் ஒரு தீர்ப்புச் சொன்னார். முறை அவளுக்கு உண்டு. ஆனால் கடல் அமைதியாக இருந்தும் தன் நாளில் அவள் வலை வளைக்கத் தவறினால், உரிமை போய் அடுத்த முறைக்காரரைச் சேரும். அடுத்த முறைக்காரர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவள் ஒரு முறையும் தவறவில்லை. காய்ச்சலோடு வந்து கரையில் நின்று வலை வளைப்பித்திருக்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் கப்பல்காரர் வந்தார்கள். எந்தக் கொடிக் கப்பல் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் இன்னும் கடை நடத்தவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், மாதா கோயில் வளவு வேம்பின் கீழ் ஒரு துரை நின்றார். வெள்ளை உடுப்பு, வெயிலில் சிவந்த மூக்கு. பக்கத்தில் மொழிபெயர்க்க வவுனியாவிலிருந்து கூட்டிவந்த கிளாக்கர் இளையதம்பி. அவர்களுக்கும் பக்கத்தில், யுத்தத்தில் கிடைத்த பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, நம்முடைய சம்மாட்டியார்.

துரை சொன்னதை இளையதம்பி சொன்னார். வருகிற சனிக்கிழமை காலை படை கடலிலிருந்து இந்தக் கரையில் இறங்கிப் பழகப்போகிறது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு மத்தியானம்வரை பூவரசடிப்பாட்டில் வள்ளமோ வலையோ இறக்கக்கூடாது. அதோடு ஊரில் கொஞ்சப்பேர் உதவி செய்யவேண்டும்.

"உங்களிலை பத்துப்பேர் எதிரியாய் நிக்கவேணும்" என்றார் இளையதம்பி.

சனம் ஒரு அடி பின்னுக்குப் போயிற்று. இளையதம்பி நன்றாகப் படித்த மனிதர், அவர் சொன்ன சொல்லும் சரியான சொல்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் எதிரி என்றால் கோட்டில் குற்றக்கூண்டில் நிற்கிறவன். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று கூப்பிட்டுத்தான் மறியலுக்கு அனுப்பிக் கம்பி எண்ணவைப்பார்கள். பாட்டு உரிமைக்கான வழக்கில் கைகலப்பு வந்தபோது புனிதமலரின் வலை ஆட்களுக்குத் தலைவன் அந்தோனிமுத்து மூன்றாம் எதிரியாக நின்றவன். அவன்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

"ஐயா, நாங்கள் என்ன குற்றம் செய்தனாங்கள்?"

இளையதம்பி விளங்கப்படுத்தினார். இது வழக்கு இல்லை, ஒத்திகை. நிற்கிறவர்களுக்கு பிஸ்கற் டின் தருவார்கள். படை இறங்கினவுடன் கையைத் தூக்கினால் போதும். கையைத் தூக்குவது என்றதும் சனம் இன்னும் பின்னுக்குப் போயிற்று. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யவும் கையைத்தான் தூக்கவேண்டும். பிஸ்கற் டின்னுக்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ள எங்கள் ஊரில் ஒருவரும் தயாராக இல்லை. துரை ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது. பூசைக்குப் போகாதவன் கோயில் வளவில் நின்று சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

புனிதமலருக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற சனிக்கிழமை அவளுடைய முறை.

அவள் துரைக்கு முன்னால் போய் நின்று, வேறு நாள் வைக்கலாமோ என்று கேட்டாள். கப்பல் அன்றைக்குத்தான் வரும் என்று பதில் வந்தது. வேறு இடத்தில் இறங்கலாமோ என்றாள். இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லையாம், கல் இல்லாத கரை, கரையோடு ஆழம். இடத்தைக் காட்டித் தந்ததற்கு மிஸ்டர் மரியநாயகத்துக்கு நன்றி சொல்லவேண்டும் என்று துரை நல்ல மனத்தோடு சொன்னார். இளையதம்பியும் அதை நல்ல மனத்தோடு மொழிபெயர்த்தார்.

வளவு முழுவதும் சம்மாட்டியாரைப் பார்த்தது. அவர் பதக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உங்கடை திங்கட்கிழமையை எனக்குத் தாங்கோ. சனிக்கிழமையை நீங்கள் வைச்சிருங்கோ" என்றாள் புனிதமலர். கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

"தீர்ப்பு தீர்ப்புத்தான் பிள்ளை" என்றார் அவர். "கடல் அமைதியாய் இருந்து வலை இறங்காட்டில் முறை போச்சு. கோடு சொன்னதை நான் மாத்தேலாது."

இப்படிப்பட்ட அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு இரண்டு வழிதான். ஒன்று கத்துவது, மற்றது வீட்டுக்குப் போவது. நான் கத்தவும் இல்லை, போகவும் இல்லை. புனிதமலர் மட்டும் முக்காட்டை இழுத்துச் சரிப்படுத்திக்கொண்டு இளையதம்பியிடம் திரும்பினாள்.

"எதிரி எண்டால் கோட்டு எதிரி இல்லை, சண்டை எதிரி. அப்பிடித்தானே?"

அப்படித்தான் என்றார் இளையதம்பி, கடைசியில் ஒருத்திக்காவது விளங்கியதே என்ற சந்தோஷத்தோடு.

"சண்டை எதிரிக்கு என்ன வேலை?"

இளையதம்பி துரையைக் கேட்டார். துரை சிரித்தார். இறங்குகிற படையை இறங்கவிடாமல் மறிப்பது எதிரியின் வேலையாம்.

"எப்பிடி மறிக்கவேணுமெண்டு ஆர் சொல்லுறது?"

அதை எதிரிதான் தீர்மானிக்கவேண்டும், தன் விருப்பப்படி எதையும் செய்யலாம் என்றார் துரை. இதை அவர் நாங்கள் அவ்வளவு பேரும் கேட்கச் சொன்னார்.

"அப்ப என்ரை பேரை எழுதுங்கோ. நான் நிக்கிறன்."

துரைக்கு அது பெரிய பகிடியாகப் பட்டது. பையிலிருந்து சிவப்புச் சீலைப் பட்டி ஒன்றை எடுத்து, எதிரி கையில் கட்டவேண்டியது இது என்று குனிந்து வணங்கிக் கொடுத்தார். சம்மாட்டியாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு எவ்வளவு விலையாகப் போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை புனிதமலர் கடைக்கு வந்து வலை ஆட்களுக்குப் புகையிலையும் சீனியும் வாங்கினாள்.  "என்னட்டை இருக்கிறது ஒரே ஒரு வலை, புருஷன் விட்டுப்போனது, அதைக் கப்பல்காரர் கத்தியாலை வெட்டினால் நான் என்ன செய்யிறது ஏரம்பு அண்ணை?" என்று கேட்டாள். வளைக்காவிட்டால் பாடு போகும், வளைத்தால் வலை போகலாம்.  சீனியை ஒரு பிடி கூடப் போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்வது. "போனால் போகட்டும், வலை பின்னலாம், கரை பின்னேலாது" என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

ஆட்கள் பிரச்சினையும் இருந்தது. சனிக்கிழமை விடிந்தபோது அவர்கள் எல்லாரும் பூவரசுக்குக் கீழே குந்திக்கொண்டு இருந்தார்கள், ஒருவரும் வள்ளத்தில் கை வைக்கவில்லை. மறுபடியும் கூண்டில் ஏற ஏலாது அக்கா என்று அந்தோனிமுத்து நிலத்தைப் பார்த்துச் சொன்னான். அவனைக் குறை சொல்லமுடியாது, கடைசியாக ஏறியதற்கு அவன் பெண்சாதியின் தோடு தண்டப்பணமாய்ப் போயிற்று. புனிதமலர் சிவப்புப் பட்டியை எடுத்துத் தன் கையில் கட்டி, பல்லால் இழுத்து முடிந்தாள்.

"எதிரி நான் ஒருத்திதான். நீங்கள் சாட்சிக்காரர். சாட்சிக்காரரை மறியலிலை போட்டதை எங்கையாவது கண்டிருக்கிறியளோ?"

அந்தோனிமுத்து யோசித்தான். கோட்டில் சாட்சிக்காரருக்கு வாங்குப் பலகை போட்டு இருத்துவதை அவன் பார்த்திருக்கிறான். எழும்பி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வள்ளத்தின் முன் அணியத்தில் கை வைத்தான். மற்றவர்களும் எழும்பினார்கள்.

கடல் எண்ணெய் வார்த்தது போலக் கிடந்தது. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் போயிற்று. வெளியே வலையை வளைத்துக்கொண்டு, மற்றத் தலைப்போடு தூரத்தில் கரைக்கு வந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் இழுக்கத் தொடங்கினார்கள். வலை வளைத்தபின் அந்த வளைவுக்குள் வேறு வள்ளம் வரக்கூடாது. இது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும், பகையாளியும் அதை மீறமாட்டான். கப்பல்காரருக்கு மட்டும் அது தெரியாது.

பெரிய ஆட்களுக்குப் பந்தல் போட்டிருந்தது. சம்மாட்டியார் பதக்கத்தோடு அங்கே கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்று கை காட்டிக் காட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். கயிறு இழுபடுவதைக் கண்டதும் அவர் முகம் மாறியது. துரை முதலே படகில் ஏறிவிட்டதால் முறைப்பாடு சொல்லவும் ஆள் இல்லை. தூரத்தில் நின்ற கப்பலிலிருந்து, முன்பக்கம் கதவு வைத்த இரண்டு படகுகள் இரைந்துகொண்டு வந்தன. பார்க்க நல்ல வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. 

முதல் படகு நேரே வந்து கயிற்றின்மேல் ஏறியது. பின்னால் சுழலுகிற விசிறியில் தும்புக்கயிறு சுற்றிக்கொண்டது. ஒரு கனைப்பு, கொஞ்சம் கரும்புகை, பிறகு சத்தமே இல்லை. இரண்டாவது படகு விலகப் பார்த்து வலைக்குள்ளேயே போய் நின்றது. முதல் படகின் கதவு பழகியபடி தானாக விழுந்தது. சிப்பாய்மார் துவக்கைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். கரையோடு ஆழம் என்று சம்மாட்டியார் சொன்னது முழு உண்மை. பாய்ந்தவர்கள் கழுத்துவரை போனார்கள்.

"கயித்தை வெட்டச் சொல்லுங்கோ, கத்தி எடுக்கச் சொல்லுங்கோ" என்று பந்தலிலிருந்து சம்மாட்டியார் இளையதம்பியைப் பிடித்து உலுக்கினார். படகில் நின்ற துரையும் அதையே நினைத்திருக்கவேண்டும். ஒரு சிப்பாய் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். அந்தோனிமுத்து எங்களைத் திரும்பிப் பார்த்தான். இழுக்கிற கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

புனிதமலர் சேலையோடு கடலுக்குள் இறங்கினாள். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, கத்தி வைத்திருந்தவனுக்கு முன்னால் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிவப்புப் பட்டி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அவன் சின்ன வயதுப் பெடியன், அவளையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தான். கரையைத் திரும்பிப் பார்த்து அவள் சொன்னது பந்தல்வரை கேட்டது.

"இளையதம்பி ஐயா, துரையிட்டைக் கேளுங்கோ. எதிரி தன்ரை விருப்பப்படி செய்யலாமெண்டு சொன்னவரோ, இல்லையோ?"

இளையதம்பி வேர்த்துப்போய் நின்றார். அரசாங்க உத்தியோகம், பந்தலில் பெரிய ஆட்கள். ஆனாலும் மனிதர் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு சொல்லும் குறைக்காமல், உரக்க இங்கிலீசில் சொன்னார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு என் கடையில் கடைசிவரை தேத்தண்ணிக்கு நான் காசு வாங்கியதில்லை.

பந்தலில் வெள்ளைப் பட்டி கட்டிய கிழட்டுத் துரை ஒருவர் இருந்தார். யார் வென்றது, யார் தோற்றது என்று சொல்ல அவரைத்தான் வைத்திருந்தார்களாம். அவர் எழும்பித் தண்ணீர்க்கரைக்கு வந்து, அந்தப் பெண் யார் என்று கேட்டார். படகில் நின்ற துரையின் மூக்கு மட்டுமல்ல, முழு முகமும் சிவந்தது. எதிரி என்று சொல்லவேண்டியதாயிற்று. நீர் நியமித்த எதிரியா என்று அடுத்த கேள்வி. ஓம். விருப்பப்படி செய்யலாம் என்று சொன்னீரா. ஓம்.

கிழவர் நிலத்தில் தடியை ஊன்றிக்கொண்டு சொன்னதை இளையதம்பி எங்களுக்குத் தமிழில் சொன்னார். படை இறங்கவில்லை. எதிரி கரையை விடவில்லை. கயிற்றை வெட்டுவதானால் எதிரியிடம் கேட்டு வெட்டுங்கள்.

"வெட்டவேண்டாம்" என்றாள் புனிதமலர். "இறங்கி இழுக்கச் சொல்லுங்கோ. வலையும் வரும், படகும் வரும்."

அப்படித்தான் நடந்தது. நனைந்த காற்சட்டையும் சப்பாத்துமாக அத்தனை சிப்பாய்மாரும் எங்கள் ஆட்களோடு கயிற்றைப் பிடித்தார்கள். அந்தோனிமுத்து அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்க, விளங்காத பாட்டுக்கு அவர்களும் ஏலேலோ போட்டார்கள். படகுகள் வந்தன, வலையும் வந்தது. வலையின் ஒரு பக்கத்துச் சிறகு கிழிந்துதான் போயிருந்தது. ஆனால் மீன் சேருகிற மடி முழுசாக வந்தது, பாரையும் சூடையுமாக மணலில் துடித்தது. புனிதமலர் கிழிந்த இடத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது, அதை மறைக்கவும் இல்லை. சம்மாட்டியார் பந்தலுக்குப் பின்பக்கமாகப் போய்விட்டார்.

அவர் சும்மா இருக்கவில்லை. வேற்றாள் இழுத்த வலை முறைக்குச் சேராது என்று கோட்டுக்கு ஒரு மனுப் போட்டார். நீதவான் வலை இறங்கியதா என்று மட்டும் கேட்டாராம். இறங்கியது என்று சொல்ல ஒரு ஊர்ச் சனமே வாங்கில் போய் இருந்தது. அந்தோனிமுத்து முதல் சாட்சி. அவன் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தான்.

ஐப்பசி முடிவில் இங்கிலீசுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் கால்வாய்க் கரையில் நிசமாகவே இறங்கிவிட்டார்கள். சம்மாட்டியாருக்கு மீண்டும் உயிர் வந்தது. பேப்பரை மடித்து மடித்து எல்லாருக்கும் காட்டினார். ஒரு காலை நேரம் போதுமென்று நான் சொன்னேனா இல்லையா என்றார். அப்போது மாரி தொடங்கி வலைகள் எல்லாம் கொட்டிலுக்குள். வாதாட ஒருவருக்கும் உற்சாகம் இல்லை. அவர் சொன்னபடிதானே நடந்தது என்று நானும் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மார்கழியில், மழை சோவென்று பெய்த ஒரு பின்னேரம், நனைந்த பேப்பரில் வேறு செய்தி வந்தது. இறங்கிய படை திரும்பக் கப்பல் ஏறுகிறதாம். உலகம் முழுவதும் ஏசியதில் நிற்கமுடியவில்லையாம். அதை நான் கொஞ்சம் பலமாகவே வாசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.  இறங்கினது இறங்கினதுதானே என்று சம்மாட்டியார் கோப்பைக்குள் முணுமுணுத்தார்.

புனிதமலர் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வாசலில் மழை விடக் காத்து நின்றாள். போத்தல் கழுத்தில் பிடிக்குச் சுற்றியிருந்தது அந்தச் சிவப்புப் பட்டி, நிறம் மங்கிப்போய்.

"இறங்கினது சரி அண்ணை" என்றாள். "நிக்க விட்டினமோ?"

 அவள் ஒரு அடி உள்ளே வந்தாள். குரலில் கோபம் இல்லை.

"வாற பங்குனியிலை உங்கடை முறை வரும். வலையைப் போடுங்கோ, நான் குறுக்கை வரமாட்டன். என்ரை முறையும் வரும். கப்பலைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் நான் அங்கைதான் நிப்பன்."

மழை விடவில்லை. அவள் போத்தலைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, மழைக்குள்ளேயே இறங்கிப் பூவரசடிப்பாட்டுப் பக்கமாக நடந்தாள்.